நிலம் தாங்கும் அளவுக்கு மாடு

பயிர் மாட்டுக்குத் தீனி தர வேண்டும். மாடு மண்ணுக்கு எரு தர வேண்டும். சிறு விவசாயியின் பண்ணை இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் நிற்கிறது. தமிழ்நாட்டில் அது எங்கே உயிரோடு இருக்கிறது, எங்கே அறுந்து கிடக்கிறது?

ஓர் ஏக்கர் சம்பா அறுத்தால் ஏறக்குறைய இரண்டு டன் வைக்கோல் தேறும். ஒரு கறவை மாட்டுக்கு நாளைக்கு ஐந்து கிலோ என்று வைத்துக்கொண்டால், வருஷத்துக்கு 1,800 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஆக, ஓர் ஏக்கர் நெல் ஒரு மாட்டுக்கு வருஷம் முழுக்க உலர்தீவனம் போட்டுவிடும். கிணற்றடியில் பத்து சென்ட் ஒதுக்கிக் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் கரணை நட்டால் பசுந்தீவனமும் ஆயிற்று. மாடு நாளைக்குப் பத்துக் கிலோவுக்குக் குறையாமல் சாணம் போடும். வருஷத்துக்கு மூன்றரை டன். மூத்திரம் தனி. அத்தனையும் அந்த ஏக்கருக்கே திரும்பிப் போனால், வைக்கோல் மண்ணில் இருந்து எடுத்ததில் பெரும்பங்கு மண்ணுக்கு வந்து சேரும். பண்ணையை விட்டு வெளியே போவது நெல்லும் பாலும் மட்டுமே.

சிறு பண்ணையின் அடிப்படைக் கணக்கு இவ்வளவுதான். இதை நம் கிராமங்கள் எந்தப் புத்தகத்தையும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. களத்தில் வைக்கோல் போர் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று பார்த்தே, கோடைக்கு எத்தனை உருப்படியை வைத்துக்கொள்வது, எதைச் சந்தைக்கு ஓட்டுவது என்று முடிவு செய்தார்கள். இன்று அந்த முடிவு கடன் தொகையின் கையிலும் மானியத்தின் கையிலும் போய்விட்டது.

பயிரும் கால்நடையும் சேர்ந்த சிறு பண்ணை வெப்பமண்டல நாடுகளில் இனியும் நிலைக்குமா? நிலைக்கும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நிலம் எவ்வளவு தீனி தருகிறதோ, அந்த அளவுக்கே உருப்படி இருக்க வேண்டும். அந்த அளவை மீறினால், குடும்பத்தைத் தூக்கிவிட வந்த அதே மாடு குடும்பத்தைக் கடனில் இறக்கிவிடும்.

இது ஒரு சிலரின் பிரச்சினை இல்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 14.6 கோடி பண்ணைகள். சராசரி அளவு 1.08 ஹெக்டேர். தமிழ்நாட்டில் அது 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இங்குள்ள விவசாயிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் சிறு, குறு விவசாயிகள். 2019-ல் நடந்த 20-வது கால்நடைக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் ஏறக்குறைய 95 லட்சம் மாடுகளும் 98 லட்சம் வெள்ளாடுகளும் 45 லட்சம் செம்மறிகளும் இருப்பதாகச் சொன்னது. இவற்றில் பெரும்பகுதி நிற்பது இந்தச் சிறு பண்ணைகளின் கொட்டகைகளிலும் பட்டிகளிலும்தான். ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 1996-ல் வெளியிட்ட ஆய்வு, உலகின் பாலில் ஏறக்குறைய 90 சதவீதமும் இறைச்சியில் பாதிக்கு மேலும் பயிரும் கால்நடையும் சேர்ந்த பண்ணைகளில் இருந்தே வருவதாகக் கணக்கிட்டது.

யூரியா மூட்டையும் எரு வண்டியும்

குளிர் நாட்டு மண்ணில் இலைதழை மட்கி முடிய நாளாகும். நம் பக்கத்து மண்ணில் வெயிலும் ஈரமும் சேர்ந்து நுண்ணுயிர்களை ஓயாமல் வேலை வாங்குகின்றன. போட்ட எரு வேகமாகக் கரைந்துபோகிறது. அதனால் வெப்பமண்டலத்து மண்ணுக்கு ஒருமுறை எருப் போட்டுவிட்டுப் பத்து வருஷம் சும்மா இருக்க முடியாது. வருஷா வருஷம் போட்டாக வேண்டும். அந்த வேலையைச் சலிக்காமல் செய்யக்கூடியது பண்ணையிலேயே நிற்கும் கால்நடைதான். நெல் தாளையும் சோளத்தட்டையையும் கடலைக்கொடியையும் தின்று, சில நாளில் எருவாக்கித் தரும் வேறு எந்திரம் சிறு விவசாயியிடம் கிடையாது.

ஹெக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வழக்கமான பரிந்துரை. ஏக்கருக்கு ஐந்து டன். தொழுவுரத்தில் தழைச்சத்து அரை சதவீதம் என்று வைத்தால், ஐந்து டன்னில் 25 கிலோ. அதே 25 கிலோ தழைச்சத்தை ஒன்றேகால் மூட்டை யூரியாவில் வாங்கிவிடலாம். 45 கிலோ மூட்டை விவசாயிக்குக் கிடைப்பது 266 ரூபாய் 50 காசுக்கு. ஐந்து டன் குப்பையை அள்ளி, ஏற்றி, இறக்கி, இறைக்க ஆகும் கூலியோடு ஒப்பிட்டால், எருப் போடுகிறவர் கணக்குத் தெரியாதவர் என்றே தோன்றும்.

மூட்டையின் விலை உண்மை விலை இல்லை; பெரும்பகுதியை அரசு மானியமாகச் சுமக்கிறது. அதைவிட முக்கியம், மூட்டையில் இருப்பது தழைச்சத்து மட்டும். எருவில் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் துத்தநாகம் போன்ற நுண்சத்துகளும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, மண்ணைப் பொலபொலவென்று வைத்து, பெய்த மழையைப் பிடித்து வைக்கும் மட்கு உண்டு. வடகிழக்குப் பருவமழை இரண்டு வாரம் பின்வாங்கினாலும் பயிர் வாடாமல் நிற்கிற வயலுக்கும், நான்காம் நாளே இலை சுருளும் வயலுக்கும் உள்ள வித்தியாசம் இந்த மட்கில் இருக்கிறது.

இது பழைய எச்சரிக்கையும்கூட. 1889-ல் இந்திய விவசாயத்தை ஆராய வந்த ஜான் அகஸ்டஸ் வோல்க்கர், 1893-ல் வெளியான அறிக்கையில் சாணம் வறட்டியாகி அடுப்பில் எரிவதைப் பெரிய இழப்பாகக் குறிப்பிட்டார். விறகுக்கும் தீவனத்துக்கும் மரக்காடுகளை வளர்த்தால் சாணம் வயலுக்குப் போகும் என்பது அவர் யோசனை. 130 வருஷம் கழித்தும் அந்த யோசனையின் தேவை தீரவில்லை.

கொறங்காடு: அளவு தெரிந்த மேய்ச்சல்

திருப்பூர் மாவட்டம் காங்கேயத்தில் இருந்து தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் என்று எந்தப் பக்கம் போனாலும் சாலையோரம் கிளுவை வேலி அடைத்த நிலங்களைப் பார்க்கலாம். செம்மண்ணும் சரளையும் கலந்த தரை. வருஷ மழை 600, 700 மில்லிமீட்டருக்குள். கிணற்றுப் பாசனத்தை நம்ப முடியாத இந்த மேட்டு நிலத்தில் கொங்கு விவசாயிகள் உருவாக்கி வைத்திருப்பதுதான் கொறங்காடு.

வேலியைத் தாண்டி உள்ளே நின்று பார்த்தால் அதன் அடுக்கு புரியும். தரையில் கொழுக்கட்டைப் புல், அதன் நடுவே படர்ந்த கொடிகளும் பயறு வகைச் செடிகளும். சுற்றிலும் ஆளுயரக் கிளுவை. மேலே அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளிறிய பட்டையோடு வெள்வேல மரங்கள். புல் மாட்டுக்கும் ஆட்டுக்கும். கோடையில் புல் காய்ந்து தீரும்போது வெள்வேலங்காய் உதிர்ந்து செம்மறிகளைத் தாங்கும். மரநிழலில் ஆடு மாடு படுக்கும். படுத்த இடத்தில் எரு சேரும். கிளுவை முள்வேலிக்குச் செலவு கிடையாது. போத்து வெட்டி நட்டால் துளிர்த்துவிடும்.

இதன் உயிர்நாடி வேலியும் அதன் வாயிலான கடவும்தான். சில ஏக்கர் அளவில் தனித்தனியாக அடைத்த காடுகள் என்பதால், ஒன்றில் மேயவிட்டு மற்றொன்றை மூடி வைக்க முடிகிறது. மழை பெய்ததும் யாரும் மாட்டை அவிழ்த்து விடுவதில்லை. புல் முளைத்து, கதிர் விட்டு, விதை உதிர்ந்த பிறகே கடவு திறக்கும். சில வருஷத்துக்கு ஒருமுறை உழுது, சோளமோ கொள்ளோ விதைத்து எடுப்பார்கள். உழுத மண்ணில் புல் புதிதாகத் தழைக்கும். சொந்தமாக மாடு இல்லாதவர் தன் காட்டை வருஷக் குத்தகைக்கு விடுவார். சொந்த நிலம் இல்லாதவர் குத்தகைக்கு எடுத்துச் செம்மறி மேய்ப்பார்.

காங்கேயம் மாடு வளர்ந்தது இந்தக் காட்டில்தான். பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் இந்த இனத்தைத் தேர்ந்து பெருக்கியதும் இந்த மேய்ச்சல் நிலத்தை நம்பித்தான். சரளையில் நடந்து, கொழுக்கட்டைப் புல்லில் வளர்ந்த மாட்டுக்கு மூட்டைத் தீவனம் தேவைப்படவில்லை. பால் குறைவுதான். ஆனால் அந்தப் பாலுக்கும் கன்றுக்கும் எருவுக்கும் வெளியில் இருந்து வாங்கியது மிகச் சொற்பம்.

வறண்ட வெப்பமண்டல நிலத்தில் எத்தனை உருப்படியை எத்தனை நாள் மேயவிடலாம் என்பதற்கு, இத்தனை தெளிவான உள்ளூர் ஏற்பாடு அரிது. அரசு ஆவணங்களில் இவை பெரும்பாலும் மானாவாரிப் புஞ்சை என்றோ தரிசு என்றோ கிடக்கின்றன. தரிசு என்று எழுதியதை மனையாக்குவது எளிது. காற்றாலைக்கும் சூரியமின் தகட்டுக்கும் நிலம் தேடி வருகிறவர்களின் கண்ணில் முதலில் படுவதும் இந்த நிலங்கள்தான். ஏக்கருக்கு என்ன விளைகிறது என்று கேட்டால் நெல் போல ஒரு விடை கொறங்காட்டிடம் இல்லை. ஆடும் மாடும் எருவும் மரமுமாகப் பிரிந்து வருகிற விளைச்சலைக் கூட்டிப் பார்க்க நம் கணக்குப் புத்தகங்கள் பழகவில்லை.

கிடை: மாடு இல்லாதவருக்கும் எரு

ஒரு பண்ணைக்குத் தேவையான எரு முழுவதையும் அந்தப் பண்ணையின் மாடே தந்துவிடாது. முதலில் பார்த்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு மாட்டின் மூன்றரை டன் பச்சைச் சாணம், கூளத்தோடு சேர்ந்து மட்கி முடியும்போது கணிசமாகச் சுருங்கிவிடும். ஏக்கருக்கு ஐந்து டன் தொழுவுரம் வேண்டுமானால் இரண்டு மூன்று மாடு வேண்டும். அத்தனை மாட்டுக்கு அந்த ஏக்கரில் தீனி இல்லை. இந்த இடைவெளியை இட்டு நிரப்பியது ஊர் விட்டு ஊர் போகிற மந்தை.

சம்பாவும் தாளடியும் அறுத்த பிறகு, ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் என்னும் இடையர்கள் செம்மறிகளை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் வயல்களுக்கு வருகிறார்கள். பகலில் தாளடிப் பயிரின் கட்டையிலும் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் மேய்ச்சல். இரவில் யார் வயலில் பேசியிருக்கிறார்களோ அங்கே வலை கட்டி ஆட்டை அடைப்பார்கள். இதுதான் கிடை. குட்டிகளைத் தனியாக மூங்கில் கூட்டுக்குள் வைப்பார்கள். மறுநாள் வலையைப் பிடுங்கி, அதே வயலில் அடுத்த இடம். கூலி, இரவுக்கு இவ்வளவு என்று பணமாகவோ நெல்லாகவோ.

கிடை எழுந்து போன காலையில் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். வலை நின்ற வரைக்கும் தரை கறுத்து, புழுக்கை பாய் விரித்தது போலக் கிடக்கும். மண்ணில் ஊறிய மூத்திரத்தின் காரம் மூக்கில் ஏறும். அந்தக் காரம் காற்றில் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் சூட்டோடு சூடாக ஒரு சால் உழுது போடுகிறார்கள். அள்ளும் கூலி கிடையாது, ஏற்றும் கூலி கிடையாது. எரு தானே நடந்து வந்து வயலில் இறங்கியிருக்கிறது. ஓர் ஆடு ஓர் இரவில் ஏறக்குறைய அரைக் கிலோ புழுக்கை போடும் என்று வைத்தால், இருநூறு ஆட்டுக் கிடை ஐந்து இரவில் அரை டன் தரும். ஆட்டெருவில் தழைச்சத்து மூன்று சதவீதம் வரை உண்டு. மாட்டுத் தொழுவுரத்தைப் போல ஆறு மடங்கு. ‘ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்’ என்று விவசாயிகள் சொல்வது இதனால்தான்.

புலிக்குளம் மாட்டுக்குக் கிடைமாடு என்றே பெயர். மந்தையாக மேய்ந்து, இரவில் வயலில் அடைந்து, பெரிதும் எருவுக்காக வளர்க்கப்பட்ட இனம் அது. அறுவடை முடிந்த வயலில் சிந்திய நெல்லையும் நத்தையையும் பொறுக்கித் தின்று வளரும் தாரா வாத்து மந்தைகளும் இதே முறைதான். மேற்கு ஆப்பிரிக்காவின் சஹேல் பகுதியில் ஃபுலானி இடையர்கள் கம்பு அறுத்த வயலில் மாட்டை அடைத்து, பதிலுக்குத் தானியம் பெற்று வந்ததும் கிட்டத்தட்ட இதே ஒப்பந்தம். அங்கே வயல்கள் பெருகி மந்தை போகிற பாதைகள் அடைபட்டபோது, ஒப்பந்தம் இருந்த இடத்தில் மோதல் வந்தது.

நம் பக்கத்தில் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் அறிகுறிகள் இருக்கின்றன. நெல்லுக்குப் பின் உளுந்து தெளித்த வயலில் ஆடு புகுந்துவிட்டால் தகராறு. மேய்க்கால் புறம்போக்கு சுருங்கிவிட்டது. மந்தையோடு நடக்கச் சாலை ஒன்றே மிச்சம், அதில் வாகனங்கள். கீதாரிகளின் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வர விரும்பவில்லை. வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்காக வீடு வாசல் இல்லாமல் அலைகிற ஒரு வாழ்க்கையை அவர்கள் மறுப்பதில் குறை சொல்ல ஏதுமில்லை. அவர்களுடைய உழைப்பால் கொழுத்த நிலங்களும், அந்த நிலங்களை நம்பிச் சாப்பிட்ட நாமும், அவர்களுக்கு என்ன செய்தோம் என்பதே கேள்வி.

எங்கே அறுந்தது?

முதல் அறுப்பு களத்தில். காவிரி டெல்டாவில் நெல்லை இப்போது அறுப்பது எந்திரம். ஆள் கிடைக்காத காலத்தில் அது தவிர்க்க முடியாத உதவி. ஆனால் எந்திரம் துப்பிய வைக்கோல் நசுங்கி, பனியிலும் மழையிலும் நனைந்து, வயலிலேயே வரிசை வரிசையாகக் கிடக்கிறது. அதைச் சுருட்டிக் கட்ட வருகிறது இன்னோர் எந்திரம். கட்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசி, லாரியில் ஏற்றி, கேரளத்துக்கும் மேற்கு மாவட்டங்களுக்கும் அனுப்பிவிடுகிறார்கள். மாடு வைத்திருக்கும் சிறு விவசாயி, தன் ஊரில் விளைந்த வைக்கோலைக் கோடையில் காசு கொடுத்து வாங்குகிறார். கட்டோடு சேர்ந்து வயலின் சாம்பல் சத்தும் ஊரை விட்டுப் போகிறது. வைக்கோல் போர் இருந்த களம் காலியாகிவிட்டது.

இரண்டாவது அறுப்பு தீவனத் தொட்டியில். பாலுக்கான செலவில் பெரும்பகுதி தீவனம். உடல் பராமரிப்புக்கு ஒன்றரைக் கிலோ, கறக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் 400 முதல் 500 கிராம் அடர்தீவனம் என்பது பால்மாட்டுக்கான பொதுக் கணக்கு. பத்து லிட்டர் கறக்கும் மாட்டுக்கு நாளைக்கு ஐந்தரை முதல் ஆறரைக் கிலோ. தோட்டத்தில் அகத்தியும் வேலிமசாலும் சவுண்டலும் இருந்தால் இதில் ஒரு பங்கைக் குறைக்கலாம். எதுவும் இல்லாதவர் மக்காச்சோளமும் புண்ணாக்கும் தவிடும் கலந்த மூட்டையை வாங்கியே தீர வேண்டும். மூட்டை விலை ஏறும் வேகத்தில் பால் கொள்முதல் விலை ஏறுவதில்லை. 2022 நவம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு 32 ரூபாயில் இருந்து 35 ஆனது. அதற்கே விவசாயிகள் நெடுநாள் குரல் கொடுக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது அறுப்பு வீட்டுக்குப் பின்னால். பெரும்பாலான வீடுகளில் சாணம் குவிவது எருக்குழியில் இல்லை, வெட்டவெளிக் குப்பைமேட்டில். வெயில் அதன் தழைச்சத்தை ஆவியாக்குகிறது. மழை மிச்சத்தைக் கரைத்துச் சாக்கடையில் விடுகிறது. மாட்டின் மூத்திரம் கொட்டகை மண்ணில் ஊறிப் போகிறது. சாணத்தில் இருக்கும் தழைச்சத்துக்குக் கிட்டத்தட்ட ஈடான அளவு மூத்திரத்திலும் இருக்கிறது. சாம்பல் சத்தில் பெரும்பகுதி மூத்திரத்தில்தான். தீவனத்துக்குக் காசு கொடுத்துவிட்டு, அதில் இருந்து கிடைக்கிற உரத்தை இப்படி இழந்துவிட்டு, யூரியாவுக்கு மறுபடியும் காசு கொடுக்கிறோம்.

இந்த மூன்று அறுப்பும் முற்றினால் என்ன ஆகும் என்று பார்க்க நாமக்கல்லுக்குப் போகலாம். முட்டைத் தொழிலில் நாட்டுக்கே முன்னோடியான ஊர் அது; பல குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. ஆனால் அங்கே தீவனம் வேறெங்கோ விளைகிறது, கோழி எரு ஓரிடத்தில் மலையாகக் குவிகிறது. அதை லாரியில்தான் அப்புறப்படுத்த வேண்டும். பயிரும் கால்நடையும் பிரிந்து தனித்தனித் தொழிலாகும்போது ஓரிடத்தில் பஞ்சமும் இன்னோரிடத்தில் தேக்கமும் சேர்ந்தே வருகின்றன.

கொடுத்த மாடு ஏன் தங்கவில்லை?

கால்நடை கொடுத்தால் ஏழ்மை தீரும் என்பது நெடுநாள் நம்பிக்கை. அதில் உண்மையும் உண்டு. 2011-ல் தமிழ்நாடு அரசு விலையில்லாக் கறவை மாடுகளையும், குடும்பத்துக்கு நான்கு ஆடு என்று விலையில்லா ஆடுகளையும் வழங்கத் தொடங்கியது. ஆடு பல வீடுகளில் பெருகியது. காரணம் எளிது: ஆடு ஓடையோரத்திலும் வேலியோரத்திலும் தழை கடித்துப் பிழைத்துக்கொள்ளும். கலப்பினக் கறவை மாடு அப்படி இல்லை. அதற்கு நிழல் வேண்டும், நாள் முழுக்கத் தண்ணீர் வேண்டும், பசுந்தீவனம் வேண்டும், அழைத்தால் வரும் மருத்துவர் வேண்டும்.

நிலம் இல்லாத அல்லது நீர் இல்லாத குடும்பம் கடனில் இரண்டு கலப்பின மாடு வாங்கினால் நடப்பது ஏறக்குறைய ஒரே கதை. முதல் கறவையில் பால் நன்றாக இருக்கும். தவணை ஒழுங்காகப் போகும். கோடை வந்ததும் பசும்புல் நிற்கும், பால் இறங்கும், தீவனக் கடையில் பற்று ஏறும். மாடு சினை பிடிக்கத் தாமதமாகும். மடிநோயோ கோமாரியோ வந்தால் அந்தக் கறவை போயிற்று. 2022-ல் தோல் கழலை நோய் நாட்டின் பல மாநிலங்களில் பரவியபோது, பெரிய பண்ணைக்கு அது ஒரு நட்டம். ஒரே மாடு வைத்திருந்தவருக்கு அது பிழைப்பே போன கதை. கடைசியில் மாடு சந்தைக்குப் போகும், கடன் வீட்டில் இருக்கும். இதில் மாட்டின் குற்றமோ வாங்கியவரின் குற்றமோ எதுவும் இல்லை. மாட்டைக் கொடுக்கும்முன் அதன் தீனி எங்கே என்று யாரும் கேட்கவில்லை என்பதே குற்றம்.

கணக்கில் வராத கைகள்

பயிரையும் கால்நடையையும் இணைக்கும் வேலை பெரும்பாலும் பெண்களின் தோளில் கிடக்கிறது. விடியுமுன் சாணம் அள்ளி, கறந்து, சொசைட்டிக்குப் பால் கொண்டுபோய், வரும் வழியில் புல் அறுத்து, பிறகு வயல் வேலைக்குப் போய், மாலையில் திரும்ப மறுபடி கறவை. மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, அவர்களுக்கும் கிடையாது. ஒருங்கிணைந்த பண்ணையம் என்று மேடையில் பேசும்போது ஆடு, கோழி, மீன், தேனீ, காளான் என்று அடுக்கிக்கொண்டே போகிறோம். அடுக்குகிற ஒவ்வொன்றும் ஒரு பெண்ணின் நாளில் இன்னும் ஒரு மணி நேரம். அந்த நேரத்துக்கு விலை போட்டுப் பார்த்தும் மிஞ்சுகிறது என்றால்தான் அது லாபம். பால் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர் அட்டையும் வங்கிக் கணக்கும் கறக்கிறவர் பெயரில் இருக்க வேண்டும் என்பது சலுகை இல்லை. உழைத்தவருக்குச் சேர வேண்டிய நியாயம்.

கணக்கில் சேர்க்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. மாடு அசைபோடும்போது மீத்தேன் வெளிவருகிறது. புவி சூடாவதில் அதற்குப் பங்கு உண்டு. மனிதச் செயல்களால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் 14.5 சதவீதம் கால்நடை வளர்ப்பில் இருந்து வருவதாக உணவு வேளாண்மை நிறுவனம் 2013-ல் மதிப்பிட்டது. மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் இதற்கான வழியும் அதே அளவுக் கணக்கில்தான் இருக்கிறது. பாதி வயிற்றோடு நிற்கும் நான்கு மாட்டைவிட, நிறையத் தின்று நன்றாகக் கறக்கும் இரண்டு மாடு லிட்டருக்குக் குறைவான மீத்தேனே விடும். இருபத்தைந்து கிலோ சாணத்தில் ஒரு கன மீட்டர் சாண எரிவாயு கிடைக்கும். இரண்டு மூன்று மாடு போதும். வாயு அடுப்புக்குப் போகும். தழைச்சத்து கழிவுக் குழம்பில் அப்படியே நின்று வயலுக்குப் போகும். வோல்க்கர் கவலைப்பட்ட வறட்டிக்கு இது நேரான மாற்று.

அறுந்ததை முடிய

அறுந்த இணைப்பை மறுபடி முடியப் பெரிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டாம். வைக்கோல் கட்டும் எந்திரத்தைப் பால் கூட்டுறவுச் சங்கமோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ வாடகைக்கு ஓட்டினால், கட்டு ஊரிலேயே நிற்கும். நூறு கிலோ வைக்கோலுக்கு 65 லிட்டர் தண்ணீரில் நான்கு கிலோ யூரியாவைக் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி, 21 நாள் கழித்துக் கொடுத்தால் அதன் சத்தும் செரிமானமும் கூடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு மட்டும் கொடுக்கக் கூடாது. மழைக்காலத்தில் மிஞ்சும் புல்லையும் சோளத்தட்டையையும் ஊறுகாய்ப்புல்லாகப் போட்டு வைத்தால் சித்திரை வைகாசியைத் தாண்டலாம்.

கொட்டகைத் தரையைச் சற்றுச் சரிவாகச் சிமென்ட் பூசி, ஒரு சிறு கால்வாய் விட்டு, மூத்திரத்தை எருக்குழிக்குத் திருப்புவது கொத்தனாரின் ஒரு நாள் வேலை. குழியின் மேல் கூரையோ மரநிழலோ இருந்து, நிறைந்ததும் சாணமும் மண்ணும் குழைத்து மெழுகி மூடினால், நான்கைந்து மாதத்தில் எரு தயார். மாட்டுக் கொட்டகைக்கு மானியம் தருகிற இடத்தில் எருக்குழிக்கும் தர வேண்டும். குழி இல்லாத கொட்டகைக்கு மானியம் தரக் கூடாது.

மேய்க்கால் புறம்போக்கை அளந்து, ஆக்கிரமிப்பை அகற்றி, ஊராட்சியின் பொறுப்பில் புல்லும் மரமும் வளர்க்க வேண்டும். கிடை வருகிற வழியில் தண்ணீரும் தடுப்பூசியும் தங்க இடமும் கீதாரிகளின் உரிமையாக வேண்டும். கொறங்காட்டைத் தரிசு என்று எழுதுவதை நிறுத்தி, மேய்ச்சல் நிலம் என்று பதிய வேண்டும். வியட்நாமில் தோட்டம், குளம், தொழுவம் மூன்றையும் ஒரே வளாகத்தில் இணைக்கும் முறையை அரசே முன்னின்று பரப்பியது. அங்கே பன்றித் தொழுவம். இங்கே கொறங்காடு, கிடை, வரப்போர அகத்தி. ஒவ்வொரு மண்ணுக்கும் அதற்கான இணைப்பு ஏற்கெனவே இருக்கிறது. வெளியில் இருந்து ஒரே மாதிரியைக் கொண்டுவந்து எல்லா ஊரிலும் திணிக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று. மாட்டுக்கடன் விண்ணப்பத்தில் நிலத்தின் சர்வே எண் கேட்கிறார்கள், ஆதார் கேட்கிறார்கள், ஜாமீன் கேட்கிறார்கள். அதோடு இன்னொரு கேள்வியும் சேரட்டும்: இந்த மாட்டுக்கு வருஷத்துக்கு எவ்வளவு வைக்கோல், எவ்வளவு பசும்புல், எவ்வளவு தண்ணீர் உங்களிடம் இருக்கிறது? விடை போதாது என்றால் கடனை மறுக்க வேண்டாம். முதல் தவணையைப் புல் கரணைக்கும் வேலிமசால் விதைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் கொடுக்கட்டும். புல் முழங்கால் உயரம் வந்த பிறகு மாட்டுக்குக் கொடுக்கட்டும். இரண்டு ஏக்கர் விவசாயிக்கு ஒரு மாடும் நாலு ஆடும் போதும் என்று நிலம் சொன்னால், அதிகாரியும் வங்கியும் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சிறு பண்ணை நிலைப்பதற்கு இதைவிடச் செலவு குறைந்த சீர்திருத்தம் வேறு இல்லை. அடுத்த பட்ஜெட் வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஒரு விண்ணப்பப் படிவத்தைத் திருத்தினால் போதும்.